கயலுக்கு எந்த வயதில் துப்பாக்கி?

1

எனக்கு எழுபத்திரண்டு நடக்கிறது. பாஸ்போர்ட்டைக் கேட்டால் எழுபத்து மூன்று முடிந்துவிட்டது என்னும். பெற்றது நான்கு, வளர்த்தது ஆறு. கூடுதல் இரண்டும் என் கொழுந்தனார் பிள்ளைகள். தாயில்லாப் பிள்ளைகள் என்று ஊரில் ஒருவர் சொல்லாதபடி வளர்த்தேன். ஆறு பேருக்கும் இரண்டு கண்ணும் பத்து விரலும் குறைவில்லாமல் இருக்கின்றன. கிணறு, அரிவாள், மாடு, கரண்டு மோட்டார் எல்லாம் இருந்த வீட்டில் அது சும்மா வந்ததில்லை.

பாஸ்போர்ட்டில் வயது கூடியதற்குக் காரணம் என் கை. பொன்னமராவதிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க அப்பா கூட்டிப்போன அன்று, வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொன்னார் வாத்தியார். தொட்டால் பள்ளிக்கூடத்து வயது வந்துவிட்டது என்று கணக்கு. எனக்குக் கை நீளம். தொட்டுவிட்டேன். அவரும் அதற்கேற்ற மாதிரி ஒரு பிறந்த தேதியை எழுதிக்கொண்டார். பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு என்னை விட்டுவிட்டது, அந்தத் தேதி விடவில்லை. இங்கே அமெரிக்காவில் எந்த ஆபீசுக்குப் போனாலும், ஆஸ்பத்திரியில் ஊசி போட உட்கார்ந்தாலும், பெயரைக் கேட்ட கையோடு பிறந்த தேதியைத்தான் கேட்கிறார்கள். வாத்தியார் போட்ட தேதியை நானும் இங்கிலீஷில் ஒப்பிக்கிறேன். அந்தத் தேதி வந்தால் வீட்டில் கேக் வேறு வெட்டுகிறார்கள். நான் பிறந்த நாள் அதுவல்ல என்று சொல்லிச் சொல்லி விட்டுவிட்டேன். கேக் நன்றாகத்தான் இருக்கிறது.

நான் இருப்பது அயோவா என்கிற மாநிலத்தில், இரண்டாவது மகன் செல்வத்தின் வீட்டில். எங்கு பார்த்தாலும் மக்காச்சோளம். நம் ஊரில் கடலை போட்டிருக்கிற செம்மண் காட்டை நினைத்துக்கொண்டு இதைப் பார்த்தால், இவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்றுதான் முதலில் கேட்கத் தோன்றும். போனில் பேசுகிற ஊர்க்காரர்கள், "அங்கிட்டு என்ன விசேசம்" என்று கேட்கிறார்கள். எழுதுகிற அளவுக்கு ஒன்று இந்த மாதம்தான் வந்தது. என் பேத்தி கயல், தன் பத்தாவது பிறந்தநாளுக்குத் துப்பாக்கி கேட்டாள்.

2

படித்ததும் பதற வேண்டாம். ஆளைச் சுடுகிற துப்பாக்கி இல்லை. மிளகு அளவு இரும்பு ரவையைக் காற்றின் விசையால் தள்ளுகிற துப்பாக்கி. நம் பக்கம் கண்மாயில் கொக்கு சுட ஏர்கன் தூக்கிக்கொண்டு வருவார்களே, அதற்குத் தம்பி மாதிரி. இங்கே பிபி கன் என்கிறார்கள். எனக்குத் தெரிந்த பிபிக்கு நான் தினமும் காலையில் மாத்திரை போடுகிறேன்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு கம்பிவேலி. அந்தப் பக்கம் டேல் என்று ஒரு பெரியவர். விவசாயம் பார்த்து ஓய்ந்தவர். அவர் பேத்தி எமியும் கயலும் ஒரே வகுப்பு. சனிக்கிழமையானால் எமி தாத்தா வீட்டுக்கு வந்துவிடுவாள். மரக்கட்டை மேல் காலி டப்பாக்களை வரிசையாக வைத்து அவளும் தாத்தாவும் சுடுவார்கள். டப்பா விழுகிற சத்தம் எங்கள் அடுப்படி வரை கேட்கும். கயல் வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டே இருப்பாள்.

"எமிக்கு எட்டு வயசுலயே வாங்கிக் குடுத்துட்டாங்க அப்பத்தா. பெட்டியில பத்து வயசுன்னு போட்டிருக்கு. எனக்கு இப்ப பத்து ஆகப் போகுது."

"நம்ம கணக்குக்கு ஒனக்குப் போன பொறந்தநாளோடயே பத்து பொறந்திருச்சுத்தா. இந்தா, பதினொண்ணு பொறக்கப் போகுது" என்றேன். நம் ஊரில் நடக்கிற வயதைத்தானே சொல்வோம். இங்கே முடிந்த வயதைச் சொல்கிறார்கள். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

அவள் நேரே அப்பனிடம் போனாள். "அப்பா, அப்பத்தா கணக்குல நான் ஆல்ரெடி பத்து."

மருமகள் வசந்தி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அறந்தாங்கிப் பக்கத்துப் பெண், பேச்சில் பிசிறு இருக்காது. "அப்பத்தாவுக்கே ரெண்டு கணக்கு இருக்கு. அதத் தூக்கிக்கிட்டு வந்து நிக்காத" என்றாள். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

செல்வம் பிள்ளை பக்கம். "நாங்கள்லாம் இந்த வயசுல வயக்காட்டுக்குத் தனியாப் போயி மோட்டார் போட்டு விட்டுட்டு வந்தோம் வசந்தி."

"போட்டீங்க. ஷாக் அடிச்சு வரப்புல கெடந்ததையும் அத்தை சொல்லியிருக்காங்க."

இப்படியே நாள் கணக்கில் ஓடியது. சாப்பிடும்போது துப்பாக்கி, காரில் போகும்போது துப்பாக்கி. கடைசியில் செல்வம் ஒரு வழி சொன்னான். "டேல் கூப்பிட்டுக்கிட்டே இருக்காரு. சனிக்கெழம கயலக் கூட்டிக்கிட்டு ஆத்தா போகட்டும். அவ எப்படிச் சுடுறான்னு பாக்கட்டும். ஆறு புள்ளய வளத்தவங்க. ஆத்தா சரின்னா வாங்குவோம், இல்லைன்னா அதோட விட்ருவோம்."

வசந்தி என்னைப் பார்த்தாள். "சரி. அத்தை சொன்னா எனக்குச் சம்மதம்" என்றாள்.

கோர்ட்டுப் படி ஏறாத என்னை ஜட்ஜாக்கிவிட்டார்கள். அன்று முதல் கயல் என் செருப்பை எடுத்து வைப்பதும், கண்ணாடியைத் துடைத்துக் கொடுப்பதும், டீ சூடாக இருக்கிறதா என்று கேட்பதும், பார்க்க வேடிக்கையாக இருந்தது.

3

நம் ஊரில் ஒரு பிள்ளைக்கு எதற்கு எந்த வயது என்று யார் வைத்தார்கள்? நான் யோசித்துப் பார்த்தேன். சைக்கிளுக்கு வயது கிடையாது, கால்தான். எட்டாதவன் குரங்குப் பெடல் போடுவான், எட்டினவன் சீட்டில் ஏறுவான். கிணற்றில் நீச்சல் பழகுவதற்குக் காய்ந்த சுரைக்குடுக்கை. அதை இடுப்பிலிருந்து அவிழ்க்கலாம் என்று பெரியவன் சொன்னால் அவிழ்ப்போம். பெட்டியில் எழுதி யாரும் தரவில்லை.

துப்பாக்கிக்கு மட்டும் நாம் எந்தக் கணக்கும் பார்த்ததில்லை. தேர்த் திருவிழாவில் பலூன் சுடுகிற கடையில், தூக்கத் தெம்பில்லாத பிள்ளைக்குக் கடைக்காரரே குழலைத் தாங்கிப் பிடிப்பார். தீபாவளிக்கு நடக்கத் தெரிந்த பிள்ளைக்கெல்லாம் பொட்டுவெடித் துப்பாக்கி. அதை வாங்கினதும் முதலில் யாரைச் சுடுவார்கள்? வீட்டில் இருக்கிறவர்களைத்தான். நான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தூணோரம் சாய்வேன். பிள்ளைகள் கைகொட்டிச் சிரிக்கும். இப்படி நான் செத்ததற்குக் கணக்கே இல்லை.

கயல் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது ஒரு தீபாவளிக்கு ஊருக்கு வந்திருந்தோம். பொன்னமராவதிக் கடையில் அவளுக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். திரும்பி வருகையில் அதை அவள் தன் பைக்குள் போட்டுக்கொண்டது யாருக்கும் தெரியாது. ஏர்போர்ட்டில் பையை நிறுத்திவிட்டார்கள். ஒரு ஆபீசர் வந்து இது யாருடையது என்று கேட்டார். நாங்கள் வாய் திறப்பதற்குள் இவள் முன்னால் போய் நின்று, "என் துப்பாக்கி" என்று இங்கிலீஷில் பெருமையாகச் சொன்னாள். அதற்குப் பிறகு எங்களை ஒரு மூலையில் உட்கார வைத்து, பெட்டி பெட்டியாகக் கிளறினார்கள். ஊறுகாய்ப் பாட்டிலைக்கூட விடவில்லை. செல்வத்துக்கு வேர்த்துக் கொட்டியது. துப்பாக்கியை அவர்களே வைத்துக்கொண்டார்கள். விமானம் மேலே ஏறுகிற வரை கயல் அழுதாள்.

இங்கே நேர்மாறாக இருக்கிறது. பிள்ளை கையில் நிஜமான ரவைத் துப்பாக்கியையே கொடுக்கிறார்கள். ஆனால் பொம்மைத் துப்பாக்கியைக்கூட ஆள் பக்கம் நீட்டவிட மாட்டேன் என்கிறார்கள். எது சரி என்று நான் சொல்ல வரவில்லை. வினோதமாக இருந்ததால் எழுதுகிறேன்.

4

சனிக்கிழமைக்கு முதல்நாள் வசந்தி என்னோடு உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கினாள். அவள் இப்படி வந்து உட்கார்ந்தால் ஏதோ சொல்ல வருகிறாள் என்று பொருள்.

"கண்ணுல பட்டுரும்னு பயப்படுறியாத்தா?" என்று நானே கேட்டேன்.

"அதுவுந்தான். அதுக்குக் கண்ணாடி இருக்கு அத்தை. எனக்கு வேற பயம்." கத்தியை வைத்துவிட்டாள். "எமி அதத் தூக்கிக்கிட்டுத் தெருவுல நடந்தா, டேல் பேத்தி வெளையாடுறான்னு பாப்பாங்க. நம்ம புள்ள தூக்கிக்கிட்டு நடந்தா யாரு என்னன்னு பாப்பாங்க? தூரத்துலேருந்து பாத்தா அது நெசத் துப்பாக்கி மாதிரியே இருக்கு. யாராச்சும் போலீசுக்குப் போன் பண்ணிட்டா? வர்றவன் மொதல்ல வயசையா கேப்பான்?"

நம் ஊரில் ஒரு பிள்ளை எதைத் தூக்கிக்கொண்டு போனாலும், யார் வீட்டுப் பிள்ளை என்று எதிரே வருகிறவருக்குத் தெரியும். அதட்டி வாங்கி வைத்துக்கொண்டு வீட்டுக்கு ஆள் அனுப்புவார்கள். இங்கே தோலைப் பார்த்து, தலைமுடியைப் பார்த்துக் கணக்குப் போடுகிறவர்களும் இருக்கிறார்களாம். எமிக்கு எட்டு வயதே போதும், கயலுக்குப் பத்து வயதும் போதாமல் போகலாம் என்பது எனக்குப் புதிது.

"இத செல்வத்துக்கிட்ட சொன்னியா?"

"சொன்னேன். நம்ம தெருவுல எல்லாரும் நல்லவங்கன்னாரு. எல்லாரும் நல்லவங்கதான். நான் நம்ம தெருவுக்கா பயப்படுறேன்?"

பீன்ஸைத் திரும்ப நறுக்க ஆரம்பித்தாள். "நீங்க பாத்துட்டு வந்து சொல்லுங்க அத்தை. நான் ஒங்களுக்கு எதுவும் சொல்லிக் குடுக்கல" என்றாள்.

5

மறுநாள் கிளம்பினோம். வெயில் நன்றாக இருந்தாலும் காற்று வெட்டியது. புடவைக்கு மேலே செல்வத்தின் பழைய கோட்டைப் போட்டுக்கொண்டேன். டேல் தொப்பியைக் கழற்றி வணக்கம் மாதிரி ஒன்று வைத்தார். கயல் சொல்லிக் கொடுத்திருப்பாள் போல. கண்ணுக்குக் கண்ணாடி கொடுத்தார், எனக்கும் கொடுத்தார். பிறகு துப்பாக்கியை இரண்டு கையிலும் ஏந்தி, முதலில் பெரியவர்கள் பார்க்கட்டும் என்கிற மாதிரி என் முன்னால் நீட்டினார்.

நான் கையை நீட்டவில்லை. தரையைக் காட்டி, "கீழ வைங்க" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. திரும்பவும் நீட்டினார். நான் திரும்பவும் தரையைக் காட்டினேன், கொஞ்சம் அழுத்தமாகவே. மனிதரின் முகம் சுருங்கிவிட்டது. தலையை ஆட்டிக்கொண்டு, சாரி சாரி என்று சொல்லியபடி துப்பாக்கியை எடுத்துக்கொண்டு கொட்டகைப் பக்கம் நடந்தார்.

"அப்பத்தா, என்ன பண்ணிட்டீங்க" என்று கயல் அழுகிற மாதிரி கேட்டாள். "துப்பாக்கியே ஆகாது, தூக்கிப் போடுன்னு சொன்னதா நெனச்சுட்டாரு."

"நான் எங்கடி அப்படிச் சொன்னேன்? கீழ வச்சா நான் எடுத்துக்குவேன். அருவாளக் கைக்குக் கை யாராச்சும் குடுப்பாங்களா?"

நம் பக்கம் பச்சைப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். அரிவாளோ கத்தியோ கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்பார்கள். கொடுக்கிறவர் கீழே வைக்க வேண்டும், வாங்குகிறவர் எடுக்க வேண்டும். துப்பாக்கி என்றதும் எனக்கு அதுதான் ஓடியது. அமெரிக்காவில் பிறந்த பிள்ளைக்கு இது எப்படித் தெரியும்?

கயல் அவர் பின்னாலேயே ஓடினாள். அரிவாளுக்கு இங்கிலீஷில் என்ன சொல்வது என்று தெரியாமல், கையை வளைத்துக் கதிர் அறுத்துக் காட்டிக்கொண்டிருந்தாள். பிறகு டேல் சிரிக்கிற சத்தம் கேட்டது. துப்பாக்கியோடு திரும்பி வந்து, என்னைப் பார்க்கச் சொல்லிவிட்டுக் கம்பிவேலிக்குப் போனார். துப்பாக்கியில் ரவை இல்லை என்று திறந்து காட்டினார். வேலிக்கு அடியில் தரையில் வைத்து, குழல் அந்தப் பக்கம் பார்க்கிற மாதிரி தள்ளினார். வெறுங்கையோடு கொஞ்ச தூரம் தள்ளிப் போய், முட்டியைப் பிடித்துக்கொண்டு வேலியைத் தாண்டினார். அங்கிட்டு இருந்து சுற்றி வந்து குனிந்து எடுத்துக்கொண்டார்.

"சின்னப் புள்ளயில அவங்க அப்பா சொல்லிக் குடுத்தாராம்" என்று கயல் சொன்னாள். "துப்பாக்கியக் கையில வச்சுக்கிட்டு வேலி தாண்டினா அடி விழுமாம். கீழ வச்சாத்தான் சாப்பாடாம்."

அவர் சண்டை வரும் என்பதற்காக வைக்கவில்லை, தவறி வெடிக்கும் என்பதற்காக வைக்கிறார். நாம் சண்டை என்று சொல்வதும் ஆதியில் விரல் போகும் என்பதற்காகத்தானோ என்னவோ. அவர் அதே மாதிரி வேலியைத் தாண்டித் திரும்பி வந்து, துப்பாக்கியை என் காலடியில் புல்லின் மேல் வைத்தார். நான் குனிந்து எடுத்துப் பார்த்தேன். நினைத்ததைவிடக் கனம் குறைவு. திரும்பப் புல்லில் வைத்தேன். கயல் எடுத்துக்கொண்டாள்.

முதலில் எமி சுட்டாள். பிறகு கயல். முதல் ரவை எங்கே போனது என்று தெரியவில்லை. அடுத்ததும் அப்படித்தான். டேல் ஏதோ சொல்ல, அவள் கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையில் வைத்து, ஒரு கண்ணை மூடி, மூச்சை நிறுத்தினாள். டங் என்று ஒரு டப்பா விழுந்தது. அடுத்ததும் விழுந்தது. என்னையறியாமல் "அப்படிப் போடுத்தா" என்று கத்திவிட்டேன். என் பிள்ளை வீட்டுப் பிள்ளை, குறி தப்புமா என்று இருந்தது.

அதே நேரம் எமியின் கண்ணாடிப் பட்டை அவிழ்ந்துவிட்டது என்று டேல் அவள் பக்கம் குனிந்தார். கயல் என் குரலுக்குத் திரும்பினாள். முகமெல்லாம் பல். "பாத்தீங்களா அப்பத்தா" என்று கேட்டுக்கொண்டே திரும்பினாள். கையில் இருந்ததும் அவளோடு திரும்பியது. அந்தச் சின்ன ஓட்டை என் வயிற்றைப் பார்த்து நின்றது.

அவள் பார்வை என் முகத்திலிருந்து கீழே இறங்கியது. உடனே குழலைத் தரைக்குத் தாழ்த்தி, டப்பா பக்கம் திருப்பிக்கொண்டாள். டேல் நிமிர்ந்தபோது எல்லாம் முன்பு இருந்த மாதிரியே இருந்தது. இன்னும் சுடு என்றார். அவள் போதும் என்று சொல்லிவிட்டுப் புல்லில் வைத்தாள்.

6

வீட்டுக்குச் சுற்றுப்பாதையாகச் சோளக்காட்டு ஓரமாக நடந்தோம்.

"அப்பத்தா."

"சொல்லுத்தா."

"நான் திரும்பினப்ப அது ஒங்க பக்கம் இருந்துச்சு."

"ஆமா, இருந்துச்சு."

"அதுல ரவை இல்ல. லீவர் இழுத்தாத்தான் அடுத்த ரவை ஏறும், நான் இன்னும் இழுக்கல."

"எனக்கு அது தெரியாதுல்ல."

கொஞ்ச தூரம் நடந்தாள். ஒரு சோளத்தோகையைப் பிய்த்துக் கிழித்துக்கொண்டே வந்தாள். "எனக்கும் அப்பத் தெரியாது. அப்புறந்தான் யோசிச்சுப் பாத்தேன்" என்றாள்.

நான் நின்றுவிட்டேன். அவள் நிற்கவில்லை. முன்னால் போய்க்கொண்டே, "அப்பாகிட்ட சொல்லப் போறீங்களா?" என்று கேட்டாள்.

"தெரியலத்தா. எனக்கே இன்னும் தெரியல."

நிஜமாகவே தெரியவில்லை. சொன்னால் அதோடு முடிந்தது. வசந்தி அந்த வேலிப் பக்கமே பிள்ளையை விடமாட்டாள். சொல்லாமல் சரி என்றால், நாளைக்கு ஒன்று ஆனால் எந்த முகத்தோடு அவளைப் பார்ப்பேன்? காரணம் சொல்லாமல் வேண்டாம் என்றால், என்னிடம் வந்து உள்ளதைச் சொன்ன பிள்ளை இனிமேல் எதையாவது சொல்லுமா?

அன்றிரவு தோசை. செல்வம் காத்துக்கொண்டிருந்தான். "என்ன ஆத்தா, தீர்ப்ப வாசிங்க. வாங்கிரலாமா?"

நான் தோசையைப் பிய்த்துச் சட்னியில் வைத்தேன். வாயைத் திறந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது. அதற்குள் கயல், "இந்த பர்த்டேக்கு வேணாம்ப்பா" என்றாள்.

"என்னது?"

"அடுத்த வருசம் பாத்துக்கலாம். இப்ப டேல் தாத்தா வீட்டுல, அவரு பக்கத்துல நிக்கிறப்ப மட்டும் சுட்டுக்கறேன்."

வசந்தி தோசைக் கரண்டியோடு திரும்பினாள். அவள் நினைத்ததுதான் நடந்திருக்கிறது. ஆனால் தாய்க்குச் சந்தேகம் வராமல் இருக்குமா? "ஏன்? என்னாச்சு? யாருக்காச்சும் பட்டுச்சா?"

"டப்பாவுக்குத்தான் பட்டுச்சு. ரெண்டு" என்றேன். உண்மைதான்.

"இதுக்கா இத்தன நாளா என்னைய அம்மாவும் மகளும் வறுத்தெடுத்தீங்க" என்று செல்வம் தலையில் கை வைத்தான். "சரி, பொறந்தநாளுக்கு வேற என்னதான் வேணும்?"

"இன்னொரு தோசை" என்றாள் கயல். வசந்தி அவளைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். தோசையைப் போட்டாள்.

7

அந்தச் சோளக்காட்டுக்கும் எங்கள் வீட்டு வாசலுக்கும் நடுவில் இந்தப் பிள்ளை மனதில் என்ன ஓடியது என்று அறிய எனக்கு ஆசை. பயந்து சொன்னாளா, யோசித்துச் சொன்னாளா? அம்மாவுக்குத் தெரிந்துவிடும் என்று முந்திக்கொண்டாளா? ஆறு பிள்ளைகளில் எத்தனையோ பொய்யைக் கண்டுபிடித்தவள் நான். இவள் விஷயம் பிடிபடவில்லை. கேட்டால் தோளைக் குலுக்குகிறாள். அது இங்கே உள்ள பிள்ளைகளுக்கு வந்துவிட்ட பழக்கம்.

இதை எழுதி முடிக்கப் பல நாள் ஆயிற்று. கை நடுங்குவதால் எழுத்து கோணல். இதைச் செல்வம் போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறான். அதற்கு முன்னால் ஒரு வேலை பாக்கி. இதில் நடந்த ஒன்று எனக்கும் கயலுக்கும் மட்டும் தெரிந்தது. நான் பாட்டுக்கு எழுதிவிட்டேன். ஆனால் அது அவளுடையது. வாரக் கடைசியில் தமிழ்ப் பள்ளிக்கூடம் போகிறாள், எழுத்துக்கூட்டி வாசித்துவிடுவாள். அதனால் கூப்பிட்டு உட்கார வைத்திருக்கிறேன்.

கயலு, இங்கிட்டு வாத்தா. இந்தா, மொதல்லேர்ந்து படி. எழுத்துப் புரியலைன்னா கேளு. அந்த எடம் வரும்போது, இருக்கட்டும்னா இருக்கட்டும், வேணாம்னா பென்சில எடுத்து ஒரு கோடு போட்டு அடிச்சிரு. அப்பத்தா கோவிச்சுக்க மாட்டேன். ஒங்க அம்மா அடுப்படியிலதான் இருக்கா. சத்தமாப் படிக்கிறதும் மெதுவாப் படிக்கிறதும் ஒன் இஷ்டம்.